போர்ஷே ஆப்ஷன் லிஸ்ட்டைத் திட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை

போர்ஷேயைக் கிண்டல் பண்ணணும்னா எல்லாரும் முதல்ல கையில எடுக்கிறது அதோட ஆப்ஷன் லிஸ்ட்டைத்தான். ஏசி காத்து வர்ற துவாரத்துப் பட்டைகளுக்கு லெதர் உறை வேணுமா? காசு. சீட் பெல்ட்டுக்கு வேற கலரா? காசு. தையல் நூல் வேற நிறத்துல வேணுமா? காசு. கார் சாவிக்கு கார் கலர்லயே பெயிண்ட் அடிச்சு, அதைப் போட்டு வைக்க ஒரு லெதர் பையும் கொடுப்பாங்க. அதுக்கும் காசு. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்"னு பெரியவங்க சொன்னது இவனுங்களை நினைச்சுத்தான்னு நம்ம மக்கள் சிரிக்கிறாங்க.

நான் இங்கே அந்த லிஸ்ட்டுக்கு வக்காலத்து வாங்கப் போறேன். கல்லை எடுக்கிறதுக்கு முன்னாடி முழுசா படிச்சிடுங்க.

முதல்ல என் தகுதி. அமெரிக்காவுல பொட்டி தட்டுற இன்ஜினியர். ஓட்டுறது பழைய கொரோலா. ஜிடி3 வாங்குற வசதி இந்த ஜென்மத்துல வரும்னு தோணலை. ஆனா ராத்திரி ஆணி புடுங்கி முடிச்சதும் போர்ஷே கான்ஃபிகரேட்டரைத் திறந்து வச்சு, கலர் மாத்தி, சக்கரம் மாத்தி, விலை ஏறுறதை வேடிக்கை பார்க்கிறது என் பொழுதுபோக்கு. இன்னொரு விஷயம், எங்க டீம் எழுதுறது சந்தா பில்லிங் மென்பொருள். எந்த வசதியை எந்தப் படியில வைக்கணும், எதைப் பூட்டணும், எதை இலவசமா விடணும்னு தினமும் அடிச்சுக்கிறதுதான் எங்க பொழப்பு. அதனால விலைப்பட்டியலைப் பார்த்தா எனக்குக் காரை விட அந்தப் பட்டியல் மேலதான் கண்ணு போகும்.

சரி, மேட்டருக்கு வருவோம். உதாரணத்துக்கு 911 ஜிடி3. 2021 பிப்ரவரியில 992 தலைமுறை ஜிடி3 வந்தப்போ அமெரிக்க விலை 1,61,100 டாலர். அந்தக் காசுக்கு என்ன கிடைச்சுது? டர்போ இல்லாத 4 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின். 502 குதிரைத் திறன். நிமிஷத்துக்கு 9,000 சுத்து. சாலையில ஓடுற 911-ல முதல் முறையா முன் பக்கம் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். பின் சக்கரமும் சேர்ந்து திரும்புற ஸ்டியரிங். மேலேயிருந்து தொங்குற அன்னக் கழுத்து விங். கியர் கையால போடணுமா, பிடிகே ஆட்டோமேடிக்கா? ரெண்டும் ஒரே விலை. அந்தப் பெரிய விங் வேண்டாம், அடக்கமா இருக்கணும்னா டூரிங் பேக்கேஜ், அதுக்கும் தனிக் காசு இல்லை. பின்னாடி ஒட்டுற மாடல் பெயரை எடுத்துடுன்னா சும்மாவே எடுத்துக் கொடுப்பாங்க.

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்தக் காரை ஜிடி3 ஆக்குற எல்லாமே பேஸ் விலைக்குள்ள வந்துடுச்சு. இன்னும் பத்தாயிரம் கொடுத்தா இன்னும் 20 குதிரைங்கிற பேச்சே கிடையாது. சேமிச்சுச் சேமிச்சு ஒரு ஆப்ஷன் கூட இல்லாம வாங்குறவனுக்கும், எல்லா டப்பாவுலயும் டிக் அடிச்சு வாங்குற கோடீஸ்வரனுக்கும் ஒரே இன்ஜின்தான், ஒரே 9,000 சுத்துதான்.

மிச்சம் இருக்கிறது? ஒன்பதாயிரம் டாலருக்கு மேல செராமிக் பிரேக். அது இருந்தா காலிப்பர் மஞ்சள் கலர், சாதா இரும்பு டிஸ்க்னா சிவப்பு. வெயிட் குறையும், தூசி குறையும், உண்மைதான். ஆனா ட்ராக்குக்கு அடிக்கடி போற ஆளுங்க நிறைய பேர் இரும்பு டிஸ்க்கே போதும்னு விட்டுடறாங்க, ஏன்னா செராமிக் டிஸ்க் தேஞ்சா மாத்துற செலவு அப்படி. வேகத்தடையில மூக்கு உரசாம இருக்க முன் பக்கத்தைத் தூக்குற லிஃப்ட், மூவாயிரத்துக்கு மேல. நம்ம இஷ்டப்பட்ட பழைய கலரை எடுத்து அடிச்சுத் தர்ற 'பெயிண்ட் டு சாம்பிள்', பத்தாயிரத்துக்கு மேல. எதுவும் கட்டாயம் இல்லை. எது எவ்வளவுன்னு எழுதியும் வச்சிருக்கான்.

நம்ம ஊர் மெஸ்ல அளவு சாப்பாடு இவ்வளவு, ஆம்லெட் தனி, மீன் வறுவல் தனின்னு போர்டு மாட்டியிருந்தா அந்தக் கடைக்காரரைத் திருடன்னு சொல்லுவோமா? மாட்டோம். போர்டே மாட்டாம, ஆளைப் பார்த்து பில் போடறவரைத்தான் சொல்லுவோம்.

"அதெல்லாம் சரி, ஒரு லெதர் பட்டைக்கு எதுக்கு அவ்வளவு விலை? செய்யற செலவு அவ்வளவா ஆகும்?" ஆகாது. இதுக்கு ஒரு பழைய விளக்கம் இருக்கு. ஜூல்ஸ் டுப்வினு ஒரு பிரெஞ்சுக்காரர், நம்ம ஜாதி, அதாவது இன்ஜினியர், 1849-ல எழுதினார். அப்போ ரயில்ல மூணாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரையே இருக்காது. கூரை போட்டா கம்பெனி ஒண்ணும் திவாலாயிடாது. ஆனா போட்டுட்டா, ரெண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிஞ்சவனும் மூணாம் வகுப்புல ஏறிடுவான். அதைத் தடுக்கத்தான் ஏழையை வெயில்ல உட்கார வச்சாங்கன்னு அவர் புட்டுப் புட்டு வச்சார். நாங்க மென்பொருளுக்கு இலவசம், ப்ரோ, என்டர்பிரைஸ்னு மூணு படி வைக்கிறதும் இதே வித்தைதான்.

போர்ஷே பண்றதும் விலையை ஆளுக்கேத்த மாதிரி பிரிக்கிறதுதான். ஆனா திசை வேற. கீழே இருக்கிறவன் தலையில இருந்து கூரையைப் பிடுங்கலை. எல்லாருக்கும் கூரை போட்டுட்டு, மேலே இருக்கிறவன்கிட்ட அந்தக் கூரைக்குச் சரிகை விக்கிறான். யானை வாங்கினவனுக்கு அங்குசம் வாங்கவா வலிக்கும்? சரிகைக்கு யாரோ ஒரு பணக்காரர் நாற்பதாயிரம் டாலர் கொடுத்தா எனக்கென்ன போச்சு?

இந்த வியாபாரம் எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சுக்கணும்னா ஃபெராரியைப் பாருங்க. 2024-ல அவங்க உலகம் முழுக்க அனுப்பினது 13,752 கார்தான். கார், உதிரி பாக வருமானத்துல சுமார் 20 சதவீதம் இந்த மாதிரி 'என் இஷ்டப்படி செஞ்சு கொடு' ஆர்டர்கள்ல இருந்து வருதுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அஞ்சுல ஒரு பங்கு! நூல் கலர், சீட் லெதர், கார்பன் துண்டுன்னு சொல்லிச் சிரிக்கிறோமே, அந்தத் துண்டுகள்தான்.

ஆப்ஷன் விலைக்கும் செய்யற செலவுக்கும் சம்பந்தமே இல்லைங்கிறதுக்கு போர்ஷேயோட சரித்திரத்துலயே அழகான சாட்சி இருக்கு. 1972 அக்டோபர்ல பாரிஸ் கண்காட்சியில கரேரா ஆர்எஸ் 2.7-ஐக் காட்டினாங்க. பந்தய விதிப்படி 500 கார் செஞ்சாகணும். விலை 34,000 மார்க். இதுல ரெண்டு பேக்கேஜ். லேசா, வெறும் ஓடா வேணும்னா ஸ்போர்ட், கூட 700 மார்க். சொகுசா வேணும்னா டூரிங், கூட 2,500 மார்க். மொத்தம் 1,580 கார் வித்துச்சு, அதுல 1,300-க்கு மேல டூரிங்தான். அதாவது அன்னிக்கு வெயிட் குறையறது மலிவு, சொகுசு காஸ்ட்லி. சனமும் சொகுசைத்தான் வாங்கிச்சு.

அப்படியே நாற்பது வருஷம் தாண்டி வாங்க. 2013-ல 918 ஸ்பைடர், 8,45,000 டாலர். அதுக்கு வைசாக் பேக்கேஜ்னு ஒண்ணு (வைசாக்னா போர்ஷேயோட ஆராய்ச்சி மையம் இருக்கிற ஊர்). கூட 84,000 டாலர். குறையற வெயிட் சுமார் 40 கிலோ. கிலோவுக்கு 2,100 டாலர், அதுவும் எடுத்துட்டுப் போறதுக்கு இல்லை, கழிச்சு விடறதுக்கு! 911 ஜிடி3 ஆர்எஸ்ல அதே பெயர்ல உள்ள பேக்கேஜ் 2018-ல 18,000 டாலர், 2022-ல வந்த அடுத்த தலைமுறையில 33,520. 1972-ல 700 மார்க்குக்கு வித்த 'வெறும் ஓடு' ஆசையை இன்னிக்குப் பொன் விலைக்கு விக்கிறான். சரக்கை விட ஆசைக்குத்தான் விலை. அந்த ஆசை இல்லாதவன் ஒரு பைசா கட்ட வேண்டாம். அதனால அதுலயும் எனக்குச் சண்டை இல்லை.

அப்போ எங்கேதான்யா உன் சண்டைன்னு கேக்கறீங்களா? மூணு இடத்துல.

முதலாவது, பேஸ் விலை. 2024 அக்டோபர்ல புது ஜிடி3 அறிவிச்சாங்க. அதே 4 லிட்டர், அதே 9,000 சுத்து, அதே 502 குதிரை. கியர் விகிதத்தை 8 சதவீதம் குறுக்கினாங்க, சஸ்பென்ஷனைத் திருத்தினாங்க, புது புகை விதிகளுக்காக நிறைய மெனக்கெட்டாங்க. ஒண்ணுமே செய்யலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா விலை 2,22,500 டாலர். மூணரை வருஷத்துல 61,400 டாலர், அதாவது 38 சதவீதம் ஏத்தம். அதே காலத்துல அமெரிக்காவுல பொதுவான விலைவாசி ஏறினது சுமார் 20 சதவீதம். இந்த 61,400 டாலரை வேண்டாம்னு டிக் எடுக்க முடியாது. அதுதான் விஷயம். லெதர் சாவிப் பையைப் பார்த்துச் சிரிச்சவங்க யாரும் இதைப் பார்த்துக் கோபப்படலை. லிஸ்ட்ல தனியா எழுதினா கொள்ளை, பேஸ் விலைக்குள்ள ஒளிச்சா நியாயமா?

ரெண்டாவது, லிஸ்ட்லயே இல்லாத விலை. அமெரிக்காவுல 1958-ல ஒரு சட்டம் வந்துச்சு. புதுக் கார் ஒவ்வொண்ணோட கண்ணாடியிலயும் ஸ்டிக்கர் ஒட்டணும். பேஸ் விலை, கூடப் போட்ட ஒவ்வொரு ஆப்ஷனோட விலை, அனுப்பற செலவு, மொத்தம், எல்லாம் அதுல இருக்கணும். கொண்டு வந்தவர் மன்ரோனிங்கிற ஓக்லஹோமா செனட்டர், அதனால அந்த ஸ்டிக்கருக்கே அவர் பெயர். எனக்குப் பிடிச்ச சட்டம். ஆனா அந்த ஸ்டிக்கர்ல இருக்கிறது 'பரிந்துரைக்கப்பட்ட' விலைதான். டீலர்ங்கிறவர் தனி முதலாளி, அவர் அதுக்குப் பக்கத்துல இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டலாம். 'சந்தை நிலவரத்துக்கு' இவ்வளவுன்னு ஒரே ஒரு வரி. அந்த வரிக்கு நூல் கூட கிடையாது.

என்னோட வேலை பார்க்கிற ஒரு அண்ணன், கார் பைத்தியம், ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் பல வருஷம் காசு சேர்த்தார். எந்தக் கம்பெனி, எந்த டீலர்ங்கிறது வேண்டாம். போய் உட்கார்ந்ததும் அவரைக் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி எங்ககிட்ட எத்தனை வண்டி எடுத்திருக்கீங்க?" எத்தனை வச்சிருக்கேன்னு இல்லை, எங்ககிட்ட எத்தனை எடுத்திருக்கேங்கிறது. இவர் கையில முழுப் பணம், கடன் கூட வேண்டாம். ஆனா வரிசையில இடம் வேணும்னா முதல்ல அவங்க காட்டற வேற ரெண்டு வண்டி எடுத்து 'உறவை வளர்த்துக்கணும்'. பொண்ணு பார்க்கப் போன இடத்துல கூட இவ்வளவு பேசினதில்லைடான்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டார். அந்த ரெண்டு வண்டியோட நஷ்டமும் அந்த ஸ்போர்ட்ஸ் காரோட விலைதானே? எந்த ஸ்டிக்கர்ல அது இருக்கு?

இந்தப் பஞ்சத்தை உண்டாக்குறதுலயும் கம்பெனிக்குப் பங்கு உண்டு. 2013-ல வந்த ஜிடி3-ல கையால போடுற கியரையே தூக்கிட்டாங்க, பிடிகே மட்டும்தான். ரசிகர்கள் அழுதாங்க. 2016-ல 911 ஆர்னு ஒண்ணு, கை கியரோட, உலகத்துக்கே 991 கார் மட்டும், 1,84,900 டாலர். கிடைச்சவங்கள்ல சிலர் அதைப் பல மடங்கு விலை சொல்லிச் சந்தையில நிறுத்தினாங்க. அடுத்த வருஷமே ஜிடி3-ல கை கியர் திரும்பி வந்துடுச்சு, தனிக் காசு இல்லாம! நடுவுல ஒரு வருஷம் அந்தக் கியர் கம்பிக்கு இருந்த விலையைக் கணக்குப் போட்டா தலை சுத்தும்.

கம்பெனிகளுக்கும் இது உறுத்தாம இல்லை. வாங்கி உடனே விக்கிறான்னு 2017-ல ஃபோர்டு, ஜிடி காரை வித்துட்டதுக்காக நம்ம ஜான் சீனா மேலேயே கேஸ் போட்டுச்சு. அடுத்த வருஷம் சமாதானம் ஆயிட்டாங்க. போர்ஷே 2023-ல 911 எஸ்/டி விட்டப்போ, மொத்தம் 1,963 கார், 2,90,000 டாலர், அமெரிக்காவுல முதல் வருஷம் குத்தகைக்குத்தான் தருவேன், அப்புறம்தான் உன் பேர்ல எழுதுவேன்னாங்க. விக்கிறவனைப் பிடிக்க இத்தனை யோசிக்கிறீங்க, ரொம்ப சந்தோஷம். இன்னும் கொஞ்சம் கார் கூடச் செய்யலாம்னு மட்டும் ஏன் யோசிக்க மாட்டேங்கறீங்க?

மூணாவது, இதுதான் என் தொழில் சம்பந்தப்பட்டது, அதனால இதுலதான் எனக்கு எரிச்சல் அதிகம். பூட்டு. 2022-ல மெர்சிடிஸ் அமெரிக்காவுல அதோட எலக்ட்ரிக் கார்களுக்கு வேகம் கூட்டித் தர்றோம்னு ஒரு சந்தா அறிவிச்சுது. வருஷத்துக்கு 1,200 டாலர். புதுசா ஒரு போல்ட் கூட மாட்ட மாட்டாங்க. மோட்டார் ஏற்கெனவே அங்கேதான் இருக்கு, மென்பொருள்ல ஒரு ஃப்ளாக் மாறும், அவ்வளவுதான். அதே வருஷம் பிஎம்டபிள்யூ கொரியாவுல சீட் சூடாக்கறதுக்கு மாசம் சுமார் 18 டாலர் சந்தா வச்சுது. ஏச்சும் பேச்சும் வாங்கி, 2023-ல அந்த சீட் சந்தாவைக் கைவிடறோம்னு சொல்லுச்சு.

மென்பொருளுக்குச் சந்தா கேக்கறதுல ஒரு நியாயம் இருக்கு. சர்வர் ஓடணும், ஓட்டை அடைக்கணும், எங்களுக்குச் சம்பளம் போடணும். சீட்டுக்குள்ள இருக்கிற கம்பிக்கு மாசா மாசம் என்ன செலவு? அதோட வெயிட்டைச் சுமக்கிறது நான், அதுக்குச் சக்தி கொடுக்கிறது நான், ஆனா சூடு மட்டும் உன்னோடதா? டுப்வி சொன்ன ரயில் பெட்டிக்காவது கூரை நிஜமாவே இல்லை. இங்கே கூரை இருக்கு, சுருட்டிக் கட்டி வச்சுட்டு மழை பெய்யறப்போ வாடகை கேக்கறான்.

செராமிக் பிரேக்குக்கு ஒன்பதாயிரம் வாங்கினா, பொருள் ஒண்ணு கைக்கு வருது. நாளைக்கு வித்தா வாங்கறவனுக்குப் போகுது. கம்பெனிக்கும் அதுக்கும் கணக்கு முடிஞ்சுடுச்சு. எனக்கு அந்த முடிஞ்சுபோற கணக்குதான் பிடிக்கும். சந்தாங்கிறது முடியாத கணக்கு. அதை எழுதறவன் நான், சொல்றேன், கேளுங்க.

ஆகவே மகா ஜனங்களே, நான் சொல்ல வர்றது இதுதான். ஓட்டுறதுக்கு வேண்டியதெல்லாம் பேஸ் விலைக்குள்ள இருக்கணும். மிச்சம் எல்லாம் தனித்தனியா, விலையோட, வெளிச்சத்துல இருக்கணும், அது பிளாட்டினம் சாவிப் பையா இருந்தாலும் சரி. காசு கொடுத்தது முழுசா நம்மளோடது ஆகணும். இந்த மூணுல ஆப்ஷன் லிஸ்ட் எதையும் மீறலை. மீறறது டீலரோட ரெண்டாவது ஸ்டிக்கரும், சத்தமில்லாம ஏறுற பேஸ் விலையும், பூட்டுப் போட்ட மென்பொருளும்தான். நம்ம சிரிப்பு முழுக்க லெதர் பட்டை மேலயும், காசு முழுக்க இந்த மூணு மேலயும் போயிட்டிருக்கு.

கொசுறு: நான் கட்டி வச்சிருக்கிற ஜிடி3 என்னன்னு கேப்பீங்க. டூரிங், கை கியர், இரும்பு பிரேக், காசில்லாத கலர், பின்னாடி பெயர் வேண்டாம். ஆப்ஷன் செலவு சுழியம். மிச்சம் இருக்கிற பேஸ் விலையை மட்டும் யாராவது ஏற்பாடு பண்ணினீங்கன்னா, அனுப்பற செலவை நானே போட்டுக்கறேன் :-)